சுல்தான் கைப்பட எழுதிய ஏடு

மைசூரில் குடியேறிய நம்மவர் வீட்டிற்கு ஊரிலிருந்து விருந்தினர் வந்தால், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அழைத்துச் செல்வது வழக்கம். அரங்கனைச் சேவித்து, கோட்டையையும் தரியா தௌலத் மாளிகையையும் கண்டு திரும்புகிறோம். அக்கோட்டைக்குள் முன்பு இருந்து, இன்று கடல் கடந்து லண்டனில் இருக்கும் சிறிய ஏடு ஒன்றைப் பற்றியே இங்குக் கூற விரும்புகிறேன்.

1799 மே 4 அன்று கோட்டை வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரில் மாண்டார். அரண்மனையிலிருந்த நூல்களும் கடிதங்களும் ஆங்கிலேயர் கைக்குப் போயின. அந்தரங்கக் காகிதங்கள் இருந்த எழுதுமேசை ஒன்றில், கர்னல் வில்லியம் கிர்க்பாட்ரிக் பாரசீக ஏடு ஒன்றைக் கண்டெடுத்தார். திப்பு தாம் கண்ட கனவுகளைத் தம் கைப்பட எழுதி வைத்த ஏடு அது. அதில் 37 கனவுகள் உள்ளன. பகைவரை வெல்வதாகக் கண்ட கனவுகளுடன், சீனப் பேரரசர் வெள்ளை யானையை அனுப்பியதாகக் கண்ட கனவும் உண்டு.

அது திப்புவின் ஏடே என்று எப்படி நம்புவது? சுல்தானின் நம்பிக்கைக்குரிய பணியாளர் ஹபீபுல்லா அப்போது உடனிருந்தார். அத்தகைய ஏடு ஒன்று உண்டென அவர் அறிவார், ஆனால் கண்டதில்லை. யாரேனும் அருகே வந்தால் சுல்தான் அதை மறைத்துவிடுவாராம். இச்செய்தியை எழுதிச் சேர்த்து, 1800-இல் அலெக்சாண்டர் பீட்சன் அந்த ஏட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களிடம் அளித்தார். பின்பு அது இந்தியா ஆபீஸ் நூலகத்தில் இருந்தது. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கை மாறிய வழி முழுவதும் தெரிகிறது.

இவ்வழி தெரியாவிட்டால் நேரும் கேட்டுக்கு அமெரிக்கா சான்று. திப்பு மறைந்த அதே 1799-இல், டிசம்பரில், ஜார்ஜ் வாஷிங்டனும் காலமானார். அடுத்த நூற்றாண்டில் ராபர்ட் ஸ்பிரிங் என்பவன் வாஷிங்டனின் எழுத்தைப் போலவே எழுதி, போலிக் கடிதங்களையும் காசோலைகளையும் ஆவலோடு சேகரித்தோரிடம் விற்றுப் பிழைத்தான். எழுத்தின் சாயல் ஏமாற்றும். ஆகவே, தேர்ந்த சேகரிப்போர் ‘இது யாரிடமிருந்து யாரிடம் வந்தது?’ என்றும் கேட்பர்.

எனினும், மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இன்னோர் ஐயம் உண்டு. திப்புவின் கடிதங்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1811-இல் வெளியிட்டவரும் அதே கிர்க்பாட்ரிக்கே. அவை கடிதப் பதிவேடுகளில் கிடைத்த படிகள். அவற்றுள் எவற்றை வெளியிடுவது, எவற்றை விடுவது என்று தீர்மானித்தவர் வென்றவர் பக்கத்தவர்; வீழ்ந்தவரின் குணத்தைக் காட்டுவதே அவர் நோக்கம். கடிதம் உண்மையானதாக இருக்கலாம். ஆனால் தேர்ந்தெடுத்த கடிதங்கள் ஒரு மனிதரின் முழு உருவம் ஆகா. ‘எழுதியது யார்?’ என்பதோடு, ‘எடுத்துக் கொடுத்தது யார்?’ என்றும் கேட்டுப் படிப்பதே சரித்திரம் பயிலும் முறை.

நம் வீட்டுப் பெட்டிகளிலும் ஊரிலிருந்து தந்தையும் பாட்டனாரும் எழுதிய கடிதங்கள் இருக்கும். அவற்றின் உறைமேல், எழுதியவர் யார், பெற்றவர் யார், எந்த ஆண்டு என்று இன்றே குறித்து வைப்போம். சாட்சி சொல்ல நமக்குப் பின் ஹபீபுல்லா எவரும் இருக்கமாட்டார்.