டிம் அடிங்கப்பா: லாந்தர் முதல் புரொஜெக்டர் வரை

எங்க ஊர்ப்பக்கம் ராத்திரியில் ரோட்டில் நகர்ந்த பழைய விளக்கு, வழி பார்ப்பதற்காக வைத்தது இல்லை. மாட்டு வண்டியின் அடியில், அச்சுக்குப் பக்கத்தில், ஒரு அரிக்கேன் லாந்தரைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அதன் வெளிச்சம் மாட்டின் காலையும் சக்கரத்தையும் தாண்டாது. மாட்டுக்கு வழி தெரியும். வண்டிக்காரர் பாதி வழி தூக்கத்தில்தான் இருப்பார். அந்த லாந்தர் மற்றவர்களுக்காக எரிந்தது: இங்கே ஒரு வண்டி போகுது, பார்த்து வா என்று சொல்ல.

நகரத்தில் இருந்து இதைப் படிக்கிற நண்பர்களுக்கு ஹெட்லைட் ஒரு பெரிய விஷயமாகத் தெரியாது. உங்க தெருவில் விடிய விடிய விளக்கு எரியுது. இங்கே ஊர் எல்லையைத் தாண்டினால் பிறகு அடுத்த ஊர் டீக்கடை வரைக்கும் வண்டி என்ன வெளிச்சம் போடுதோ அதுதான். அதனால் மாமாவின் பழைய பிக்கப்புக்குப் புரொஜெக்டர் ஹெட்லைட் மாட்டிய கதையை எழுத உட்கார்ந்தபோது, அது லாந்தரில் போய் நின்றது.

லாந்தருக்கு அடுத்து எங்களுக்கு வந்தது சைக்கிள் டைனமோ. 6 வோல்ட், 3 வாட். பின் டயரில் உரசி உரசி எரியும். மிதிக்கிற வேகத்துக்குத் தகுந்த வெளிச்சம். மேட்டில் மங்கும், நின்றால் அணைந்துவிடும். லைட் இல்லாமல் டவுனுக்குள் சைக்கிளில் போனால் போலீஸ் பிடித்து நிறுத்தி, டியூபில் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள் என்று எங்க சித்தப்பா இன்றைக்கும் சொல்வார். அதுவும் லாந்தர் கணக்குதான். நீ பார்ப்பதைவிட, உன்னை அடுத்தவன் பார்க்கணும்.

மோட்டார் வண்டிக்குத்தான் முதல்முதலாக நிஜமாகவே தூரம் பார்க்க வேண்டிய தேவை வந்தது. தொடக்க கால கார்களில் எரிந்தது அசெட்டிலின் வாயு. கார்பைட் கல்லில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ, அதில் கிளம்பும் வாயுவைக் கொளுத்துவார்கள். கார்பைட் கல் என்றதும் உங்களுக்கு ஞாபகம் வருவது மாம்பழம்தானே? அதே கல்தான். மாங்காயைக் கள்ளத்தனமாகப் பழுக்க வைப்பதற்கு முன்னால் அது காருக்கு வெளிச்சம் கொடுத்துக்கொண்டிருந்தது. 1912 மாடல் கேடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டரும் மின்விளக்கும் சேர்ந்து வந்தன. அடுத்த வருஷமே ஜெர்மனியில் பாஷ் கம்பெனி டைனமோ, பேட்டரி, விளக்கு எல்லாம் ஒரே செட்டாக விற்க ஆரம்பித்தது. கல்லும் தண்ணீரும் போச்சு.

வெளிச்சம் கூடிய அந்த நாளிலேயே சண்டையும் ஆரம்பித்துவிட்டது. எனக்கு ரோடு தெரிந்தால் எதிரில் வருகிறவனுக்குக் கண் தெரியவில்லை. அதுக்கப்புறம் ஹெட்லைட்டின் வரலாறு முழுக்க, வெளிச்சத்தை எப்படிக் கூட்டுவது என்பதைவிட, அதை எங்கே நிறுத்துவது என்கிற வரலாறுதான். 1920-களின் நடுவில் ஒரே பல்புக்குள் இரண்டு இழை வந்தது, ஒன்று பிரைட்டுக்கு, ஒன்று டிம்முக்கு. டிரைவர் இடது காலால் தரையில் இருக்கிற பொத்தானை மிதித்து டிம் அடிப்பார். பழைய லாரி, ஜீப் ஓட்டியவர்களுக்கு அந்த 'டொக்' சத்தம் தெரியும். 1957-இல் ஐரோப்பாவில் டிம் வெளிச்சத்துக்கு ஒரு சாய்வு கொடுத்தார்கள். எதிர் வண்டி வருகிற பக்கம் தாழ்வாகவும், ரோட்டோரப் பக்கம் கொஞ்சம் மேலே ஏறியும் இருக்கும். ஓரமாக நடக்கிற ஆள் தெரியணும், எதிரே ஓட்டி வருகிறவர் கண் கூசக்கூடாது. இந்தச் சாய்வை மறக்காதீங்க, பிறகு வேலை இருக்கு.

1940-இல் அமெரிக்காவில் ஏழு அங்குல வட்ட சீல்டு பீம் விளக்கு எல்லாக் காருக்கும் பொது அளவானது. அந்த ஏழு அங்குலம் நம்ம ஊரை விட்டுப் போகவே இல்லை. ஜீப், அம்பாசிடர், புல்லட், எல்லாவற்றின் முகத்திலும் அதே வட்டம். மாமாவின் பிக்கப்பிலும் அதே. 1971-இல் வந்த எச்4 ஹாலஜன் பல்பு, பிரைட்டில் 60 வாட், டிம்மில் 55 வாட், இந்த வட்டத்துக்குள் குடிவந்தது.

எச்4 பல்பைக் கையில் வாங்கிப் பாருங்கள். டிம் இழைக்குக் கீழே சின்னக் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கும். இழையின் வெளிச்சம் கிண்ணத்தின் கீழ்ப்பாதியில் படாமல் அது மறைத்துவிடும். மேல்பாதியில் பட்டது மட்டும் திரும்பித் தரையைப் பார்த்து விழும். நகத்தளவு தகடு, ஆனால் எதிரில் வருகிறவர் கண்ணைக் காப்பாற்றுவது அதுதான். இது தெரிந்த பிறகு எனக்கு ஒரு பழைய விஷயம் சிரிப்பை வரவழைத்தது. ஹெட்லைட் கண்ணாடியின் மேல்பக்கம் கருப்புப் பெயின்ட் அடிப்பது, கருப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது நம்ம ரோட்டில் ரொம்ப நாள் நடந்தது. போலீஸே வண்டியை நிறுத்தி ஒட்டிவிட்டதும் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் எச்4 விளக்கில் டிம் வெளிச்சம் வருவதே மேல்பாதியிலிருந்து. அங்கே கருப்பு அடித்தால் நமக்கு ரோட்டைக் காட்டுகிற வெளிச்சம்தான் முதலில் குறையும்.

எங்க ஊருக்கு ராத்திரி வண்டி ஓட்டம் கூடியதற்கு ஒரு தேதி சொல்லலாம் என்றால், 1999 நவம்பர் 14. மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்த நாள். அதுவரைக்கும் கமிஷன் கடைக்காரர் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். சந்தை வந்த பிறகு காய் பறித்தவனே விடியறதுக்குள் டவுனில் இருக்கணும். நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டி பிடித்தார்கள். 2005-இல் குட்டியானை வந்ததும் அந்த நாலு பேரில் ஒருத்தர் வண்டிக்காரராகவே ஆகிவிட்டார். மாமா அதற்கும் முந்திய ஆள். ராத்திரி இரண்டரை மணிக்குக் கிளம்பி, பாதி லோடை உழவர் சந்தையிலும் மீதியை மாட்டுத்தாவணி மொத்த மார்க்கெட்டிலும் இறக்குவார். அதே நேரத்தில் அதே ரோட்டில் பால்காரர் சைக்கிள், கரும்பு டிராக்டர், சாமி கும்பிட நடந்து போகிற ஜனம் என்று எல்லாரும் உண்டு.

பிறகு எல்.இ.டி. வந்தது. கம்பெனிக்காரர்கள் 2007 வாக்கில்தான் ஒரு விலை உயர்ந்த காரில் அதை டிம் விளக்காக வைத்தார்கள், அதுவும் அதற்கென்றே செய்த லென்ஸோடு. நம்ம ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அது வெறும் பல்பாக, எச்4 பொந்தில் நேராக மாட்டுகிற மாதிரி வந்து இறங்கியது. வெள்ளை வெளேர் என்று எரியும். வாங்கியவருக்கு சந்தோஷம்தான். ஆனால் பழைய கிண்ணம், இழை எந்த இடத்தில் இருக்குமோ அந்த மில்லிமீட்டருக்கு வடித்தது. எல்.இ.டி. சில்லு அதே புள்ளியில், அதே வடிவத்தில் உட்காராவிட்டால் வெளிச்சம் கண்ட பக்கம் சிதறும். பனைமரத்து உச்சி வரைக்கும் தெரியும், பள்ளம் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், எங்க ஊர் பால்காரர் ஒருத்தர் அப்படி ஒரு வெளிச்சத்துக்கு எதிரே சைக்கிளில் மாட்டிக்கொண்டார். எதிரில் வந்தது சரக்கு வண்டி. இடிக்கவில்லை, உரசவும் இல்லை. கண் இருண்டு, ரோடு எங்கே முடியுது என்று தெரியாமல் இரண்டு கேனோடு வாய்க்காலுக்குள் போய்விட்டார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. வண்டிக்காரருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. அதுதான் எங்களை உறுத்தியது. 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் போகும். மூன்று விநாடி கண் தெரியவில்லை என்றால் 33 மீட்டர் குருடாக ஓட்டுகிறோம். வயசான கண்ணுக்கு மூன்று விநாடி போதாது.

மாமாவுக்கு அறுபது தாண்டியாச்சு. ஹாலஜனில் அவருக்கு ரோடு பத்தவில்லை. அந்த எல்.இ.டி. பல்பையும் மாட்ட மாட்டேன் என்றார். "மாப்ள, எனக்குக் கண்ணு தெரியணும்னு அடுத்தவன் கண்ணைக் குத்தச் சொல்றியா?" என்றார். அப்படித்தான் புரொஜெக்டர் பக்கம் வந்தோம்.

முதலில் எங்க எலக்ட்ரீஷியன் செய்தது விளக்கை மாற்றியது இல்லை, வயரை மாற்றியது. பழைய வண்டியில் ஹெட்லைட் கரண்ட் முழுக்க டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகச் சுற்றி வரும். வழியெல்லாம் துரு. பல்புக்கு வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்து வந்தால் ஹாலஜன் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். பேட்டரியிலிருந்து நேராகக் கனமான வயர் இழுத்து, ஃபியூஸும் ரிலேயும் போட்டதும், அந்தப் பழைய பல்பே புதுசு மாதிரி எரிந்தது. மாமா அங்கேயே நிறுத்திக்கொள்ளலாமா என்று யோசித்தார். உங்க வண்டியும் பழசு என்றால் நீங்களும் அங்கேயே நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. சட்டமும் அதன் பக்கம்தான். வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துது. பழைய விளக்கு இரண்டையும் சாக்கில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறோம், எஃப்.சி.யில் கேட்டால் திரும்ப மாட்டிவிட.

புரொஜெக்டர் எப்படி வேலை செய்யுது என்று மாமாவுக்கு விளக்க எனக்கு டூரிங் டாக்கீஸ்தான் கைகொடுத்தது. கொட்டகையில் ஆபரேட்டர் படச்சுருளைத் தலைகீழாகத்தான் மாட்டுவார், லென்ஸ் அதைத் திருப்பி நேராகத் திரையில் காட்டும். இதிலும் அதே கதை. பின்னால் முட்டை வடிவக் கிண்ணம் வெளிச்சத்தை ஒரு புள்ளிக்குக் கூட்டிக்கொண்டு வருது. அந்த இடத்தில், கீழ்ப்பக்கம், ஒரு தகடு. படச்சுருள் இருக்க வேண்டிய இடத்தில் தகடு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் அந்தத் தகட்டின் நிழலைத் தலைகீழாக்கி மேலே அனுப்புது. அதனால் ரோட்டில் கத்தியால் வெட்டின மாதிரி ஒரு கோடு விழும்: கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. பிரைட் போட்டால் தகடு 'டக்' என்று விலகும். 1986-இல் பி.எம்.டபிள்யூ 7 வரிசைக் காரில் டிம் விளக்காக வந்த சங்கதி இது. 1991-இல் அதே வரிசையில் செனான் விளக்கும் வந்தது. அது பல்புக்குள்ளேயே ஒரு மின் பொறி. கொட்டகையில் கார்பன் குச்சி எரித்தவர்களுக்கு அதுவும் பழைய சொந்தம்தான்.

கடையில் வாங்கும்போது அந்தச் சாய்வைப் பார்த்து வாங்கினோம். வலதுபக்கம் வண்டி ஓட்டுகிற நாடுகளுக்குச் செய்த புரொஜெக்டரில் கோடு வலதுபக்கம் மேலே ஏறும். நம்ம ரோட்டில் அது நேராக எதிர் டிரைவர் முகம். நமக்கு இடதுபக்கம் ஏறணும். கடைப் பையனுக்கு இது தெரியவில்லை. பேட்டரி வயரைத் தொட்டு, கடைச் சுவரில் அடித்துப் பார்த்துத்தான் எடுத்தோம். முதல் ஜோடி தப்பு, மூன்றாவது ஜோடி சரி.

மாட்டியது பெரிய வேலை இல்லை, ஏழு அங்குல வட்டத்துக்குள் அப்படியே உட்கார்ந்தது. கோட்டை நிறுத்தியதுதான் வேலை. ரைஸ் மில் சுவருக்கு முன்னால் பத்து மீட்டரில் வண்டியை நிறுத்தினோம். விளக்கு தரையிலிருந்து 85 சென்டிமீட்டர் உயரம். சுவரில் 75-இல் கோடு விழுந்தால் வெளிச்சம் 85 மீட்டரில் தரையைத் தொடும். காலி வண்டியில் அப்படி வைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் கையைத் துடைத்தார். "லோடு ஏத்திட்டுப் பாருப்பா" என்றார் மாமா.

அறுபது பெட்டி தக்காளி ஏற்றினோம். பின்பக்கப் பட்டை ஐந்து சென்டிமீட்டர் அமுங்கியது. இரண்டு அச்சுக்கும் இடையே 2.7 மீட்டர். கணக்குப் போட்டால் சுவரில் கோடு 18 சென்டிமீட்டர் மேலே ஏறணும். ஏறியே விட்டது. 75-இல் இருந்தது 93-க்குப் போச்சு, விளக்கின் உயரத்தையே தாண்டி. அதாவது வெளிச்சம் இனி தரையைத் தொடவே தொடாது, தூரம் போகப் போக மேலே ஏறி எதிர் வண்டிக்காரர் முகத்துக்குத்தான் போகும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் இதற்கு ஒரு அளவே இருக்கு: எட்டு மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் நிற்கிற கண் கூசக்கூடாது. சைக்கிளில் வருகிறவர் கண்ணும் கிட்டத்தட்ட அந்த உயரம்தான். புதுக் காரில் டாஷ்போர்டில் ஒரு சக்கரத்தைத் திருப்பி விளக்கைத் தாழ்த்தலாம். இந்த வண்டியில் அது இல்லை.

லோடோடவே 75-க்குத் தாழ்த்தி முடுக்கினோம். அதற்கு ஒரு விலை உண்டு. காலி வண்டியாகத் திரும்பும்போது வெளிச்சம் 30 மீட்டரிலேயே மூக்குக் குத்தும். நான் அதைச் சொன்னபோது மாமா கணக்கைக் கேட்டுக்கொண்டார். "திரும்பி வர்றப்ப விடிஞ்சிருமே மாப்ள. இருட்டா இருந்தா மெதுவா வருவோம், வீட்டுக்குத்தானே வர்றோம்."

அப்போது மில்லுக்கு நெல் கொண்டுவந்திருந்த டிராக்டர்காரர் இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். தன் விளக்கையும் அந்தச் சுவரில் அடித்துப் பார்த்தார். ஒன்று கூரையில் விழுந்தது, ஒன்று பக்கத்து வேப்ப மரத்தில். அவர் டிரைலருக்குப் பின்னால் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர்கூடக் கிடையாது. மாமா வண்டியிலிருந்து மிச்ச ஸ்டிக்கர் துண்டை எடுத்து, அவரைக் கேட்காமலேயே டிரைலர் கதவில் ஒட்டிவிட்டார். மில் சுவரில் இப்போது கரிக்கட்டியால் போட்ட ஏழு கோடு இருக்கு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வண்டி நம்பர். மில்காரர் வெள்ளையடிக்கணும் என்று புலம்பிக்கொண்டிருக்கிறார்.