சீமைப் பொட்டுச் சிமிழ்

குங்குமச் சிமிழைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். கையில் வைத்து விரல்களை மூடினால் மறைந்துவிடும். செம்புத் தகட்டில் செய்து, மேலே பீங்கான்போல் வழவழவென்று எனாமல் பூசியிருப்பார்கள். மூடியில் ஒரு பூங்கொத்தோ, ஆற்றங்கரைக் காட்சியோ வர்ணத்தில் தீட்டியிருக்கும். திறந்தால், மூடியின் உட்புறத்தில் சின்னஞ்சிறு முகம் பார்க்கும் கண்ணாடி. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சீமாட்டிகளின் கைப்பொருள் இது.

உள்ளே என்ன வைத்தார்கள் தெரியுமா? பொட்டு! கறுப்புப் பட்டை வட்டமாகவும் பிறையாகவும் நட்சத்திரமாகவும் கத்தரித்துப் பசை தடவிய ஒட்டுப் பொட்டு. நம் குழந்தைகளின் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு கண் படாமல் இருக்க. இதுவோ கண் படுவதற்கென்றே வைத்தது. இதிலும் அரசியல் புகுந்தது. விக் கட்சிப் பெண்கள் நெற்றியில் ஒரு பக்கமும், டோரி கட்சிப் பெண்கள் மறுபக்கமும் ஒட்டிக்கொள்வதாக 1711-இல் அடிஸன் 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகையில் கேலி செய்து எழுதினார்.

ஆனால் இந்த அலங்காரத்துக்கு அடியில் ஒரு துக்கமும் உண்டு. அது வைசூரி ஆட்டிவைத்த காலம். ஜென்னர் முதன்முதலில் அம்மை குத்தியது 1796-இல்தான். அதற்கு முன் நோயில் பிழைத்தவர்களில் பலர் முகம் நிறைய வடுக்களோடு பிழைத்தார்கள். வடுவின் மேல் ஒரு பிறையை ஒட்டிவிட்டால், அதுவே அழகாகிவிடும்!

பழம்பொருள் சேகரிப்பவர்கள் இந்தச் சிமிழ்களுக்கெல்லாம் நெடுங்காலம் 'பாட்டர்ஸி' என்றே பெயர் சொல்லி வந்தார்கள். லண்டனில் தேம்ஸ் நதியோரத்தில், பாட்டர்ஸியில், யார்க் மாளிகை என்ற இடத்தில் 1753-இல் ஓர் எனாமல் தொழிற்சாலை தொடங்கியது. பங்குதாரர்களில் ஒருவர் ஸ்டீஃபன் தியோடர் ஜான்ஸன் என்ற காகித வியாபாரி. மறு வருஷமே அவர் லண்டன் மாநகரின் லார்ட் மேயரானார். செப்புத் தகட்டில் செதுக்கிய சித்திரத்தைக் காகிதத்தில் ஒற்றி, அதிலிருந்து எனாமல் மேல் பதிக்கும் புது வித்தை அங்கே நடந்தது. புகழும் வந்தது, பின்னாலேயே கடனும் வந்தது. 1756-இல் ஜான்ஸன் திவாலானார். சரக்கு ஏலத்துக்குப் போயிற்று. ஆக மொத்தம் மூன்று வருஷம்!

அப்படியானால் இத்தனை சிமிழ்களும் எங்கிருந்து வந்தன? பெரும்பாலானவை அந்நாளில் ஸ்டாஃபர்ட்ஷயரில் இருந்த பில்ஸ்டன் போன்ற ஊர்களிலிருந்து வந்தவை. பூட்டும் பக்கிளும் செய்து பிழைத்த கரி படிந்த ஊர்கள் அவை. மேயர் பிறக்காத அந்த ஊர்ப் பட்டறைகள் பல தலைமுறைகள் இந்த வேலையைச் செய்தன.

வேலையோ லேசானதல்ல. மெல்லிய செம்புத் தகட்டில் கண்ணாடித் தூளைக் குழைத்து அப்பி, சூளையில் உருக்க வேண்டும். உட்புறமும் பூசவேண்டும், இல்லாவிட்டால் ஆறும்போது தகடு வளைந்து பூச்சு வெடிக்கும். நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்குத் தாமிரம், ரோஜா நிறத்துக்குத் தங்கம். அதிகச் சூடு தாங்கும் வர்ணத்தை முதலில் தீட்டிச் சுட்டு, பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது என்று திரும்பத் திரும்பச் சூளை ஏற்றவேண்டும். கடைசிச் சூட்டில் ஒரு கீறல் விழுந்தாலும் அத்தனை உழைப்பும் வீண். இவ்வளவு பாடுபட்டவன் அநேகமாக எந்தச் சிமிழிலும் தன் பெயரைப் போடவில்லை. போடாத இடத்தில் திவாலான மேயரின் தொழிற்சாலைப் பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் சாம்ஸன் நிறுவனம் செய்த நகல்கள்கூட அந்தப் பெயரில் கைமாறின.

பின்னால் ஆராய்ச்சியாளர்கள் பழைய பதிவுகளைப் புரட்டி, பில்ஸ்டனுக்கு உரியதைப் பில்ஸ்டனுக்குக் கொடுத்தார்கள். 1970-இல் அந்த ஊரில் இந்தக் கைத்தொழிலுக்கு மறுபடியும் உயிர் கொடுத்தார்கள். புதுத் தொழிற்சாலைக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'பில்ஸ்டன் அண்ட் பாட்டர்ஸி எனாமல்ஸ்'!

பாட்டர்ஸியை விட அவர்களுக்கு மனம் வரவில்லை. போகட்டும்; பில்ஸ்டன் முதலில் வந்ததே, அதுவரை சந்தோஷம்.