தேவிகுளம் 1958: ஒலிப்பதிவு இல்லாத ஒரு கச்சேரி

நேரில் கேட்ட கச்சேரிகளின் நினைவு எவ்வாறு வரலாறாகிறது என்ற கேள்விக்கு மேலை ஆய்வாளர்கள் பெரும்பாலும் 1969 ஆகஸ்ட் மாத உட்ஸ்டாக் விழாவையே எடுத்துக்காட்டுவர். அங்கே ஒலிப்பதிவும் இருந்தது, அடுத்த ஆண்டே திரைப்படமும் வந்தது. விழாவுக்குச் சென்றவர்களின் நினைவையே அந்தப் படம் திருத்தி எழுதிவிட்டது என்று சொல்லலாம். நம் மலைத்தொடரில் அதற்கு 11 ஆண்டுகள் முன்னதாக நடந்த ஒரு பாட்டு மேடைக்கு இவற்றில் எதுவும் வாய்க்கவில்லை. தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலர் வரதராசன் பாடிய மேடையைக் குறிப்பிடுகிறேன்.

1957 தேர்தலில் 126 இடங்கள் கொண்ட கேரளச் சட்டமன்றத்தில் கம்யூனிஸ்ட் கட்சி 60 இடங்களையே பெற்றது. சுயேச்சைகள் ஐவரின் துணையுடன் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு ஆட்சி அமைத்தார். தேவிகுளத்தில் வென்றவர் ரோசம்மா புன்னூஸ். காங்கிரசின் பி.கே. நாயரது வேட்புமனு முறையின்றித் தள்ளப்பட்டது என்ற வழக்கில் அவ்வெற்றி செல்லாததாயிற்று. 1958 மே மாதம் மறுபடியும் வாக்கெடுப்பு. இத்தனை மெல்லிய பெரும்பான்மையில் ஒரு தொகுதி கைநழுவுவதன் பொருள் இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

ஆனால் அத்தொகுதியின் வாக்காளர்கள் யார்? கண்ணன் தேவன் மலைகளின் தேயிலைத் தோட்டங்களில் லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்கள். திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் வழியாக மலையேறிய குடும்பங்கள், அவற்றுள் பெரும்பாலானவை தலித் குடும்பங்கள். இதற்கு மூன்றே ஆண்டுகள் முன்பு, 1955இல், மாநில மறுசீரமைப்பு ஆணையம் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழர் பெரும்பான்மையினர் என்பதை ஏற்றுக்கொண்டும், அவர்களைப் பிழைப்புக்கு வந்து போகும் மக்களாகவே கருதியது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலம் சேர்ந்தன. இவ்விரு வட்டங்களும் கேரளத்திலேயே நின்றன. எல்லைக் கணக்கில் ‘வந்து போகிறவர்கள்’ என எழுதப்பட்டவர்களே இப்போது ஓர் அரசின் ஆயுளைத் தீர்மானிக்க வேண்டியவர்கள். இம்முரணை மனத்தில் கொள்ளாமல் அந்த மேடையைப் புரிந்துகொள்ள இயலாது.

கேரளக் கம்யூனிஸ்டுகளிடம் பாட்டுக்குப் பஞ்சமில்லை. 1952 முதல் கே.பி.ஏ.சி. நாடகங்களும் அவற்றின் பாடல்களும் ஊர் ஊராகப் புகழ்பெற்றிருந்தன. எனினும் அவை மலையாளத்தில் அமைந்தவை. பெரட்டுக்களத்தில் தமிழ் பேசுகிறவர்களை நெருங்க வேறொரு குரல் தேவைப்பட்டது. மலையின் கிழக்குச் சரிவில், கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில், அக்குரல் இருந்தது. பாவலர் அறிந்த முறை எளியது: ஆர்மோனியம், மக்கள் வாயில் ஏற்கெனவே புழங்கும் திரைப்பட மெட்டு, அதன்மேல் புதிய சொற்கள். மெட்டைக் கற்பிக்க வேண்டியதில்லை. கேட்பவர் முதல் அடியிலேயே உடன் பாடத் தொடங்கிவிடுவார். இதைக் கலைத்தரம் குறைந்த ‘காப்பி’ என்று ஒதுக்கும் இசை வரலாற்றாசிரியர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு கூட்டத்துக்கு, ஏற்கெனவே மனப்பாடமான மெட்டுதான் துண்டறிக்கை.

ரோசம்மா புன்னூஸ் வென்றார். வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும்பங்கு உண்டென்று இ.எம்.எஸ். பாராட்டியதாக இடதுசாரி வட்டங்களில் இன்றும் சொல்வர். அது வாய்மொழிச் செய்தி. அவ்வளவிலேயே அதை வைத்துக்கொள்ள வேண்டும். தேர்தல் வரலாறுகள் கூட்டணிக் கணக்கையும் வழக்கையும் விரிவாகப் பேசுகின்றன, பாட்டைப் பேசுவதில்லை. பாட்டைப் பேசும் எழுத்துகளோ வேறொரு திசையில் ஓடிவிடுகின்றன. பாவலரின் தம்பி இளையராஜா 14 வயதில் அக்குழுவில் சேர்ந்தவர். பெண்குரலில் பாடும் சிறுவனாகத் தாம் மேடையேறியதை அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபின், அண்ணனின் மேடை முழுதும் தம்பியின் முன்கதையாகச் சுருங்கிவிட்டது. அந்தப் படத்தைக் காணப் பாவலர் உயிருடன் இல்லை.

இச்சுருக்கத்தில் தொலைவது பாவலரின் பெயர் மட்டுமன்று, கேட்டவர்களும் தொலைகிறார்கள். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு இரவில் பாட்டுக்கு நின்ற ஒரு பெண்ணின் நினைவில், பிற்காலத்துப் புகழ்பெற்ற இசையமைப்பாளர் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அவள் நினைவில் கூலி இருக்கலாம், கங்காணி இருக்கலாம், அந்த ஆண்டு ஊரெல்லாம் பாடிய ஏதோவொரு படத்தின் மெட்டு இருக்கலாம்.

மூணாறு, தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டுப் பகுதிகளில் களப்பணி செய்யும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 80 வயதைக் கடந்தவர்களைச் சந்திக்கும்போது “இளையராஜாவைப் பார்த்தீர்களா?” என்று தொடங்காதீர்கள். “எலெக்சன் பாட்டு எந்த மெட்டுல இருந்துச்சு?” என்று கேளுங்கள். சொல்லைவிட மெட்டு நினைவில் நெடுநாள் தங்கும். மெட்டு கிடைத்தால் மூலப்படம் கிடைக்கும். படம் கிடைத்தால் பாட்டு எந்த ஆண்டுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்பது தெளியும். அதன்பின் சொற்களைத் தேடத் தொடங்கலாம். முனகலாக வந்தாலும் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.