செமினரியும் அச்சுக்கூடமும்: வட்டுக்கோட்டை, மானிப்பாய் எழுத்துத்தொழிற் பயிற்சி பற்றிய ஒரு நோக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடை, பத்திரிகை, நூற்பதிப்பு என்பன பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தனிமனிதரின் ஆற்றலையே முதன்மைப்படுத்துவர். ஆறுமுக நாவலரும் தாமோதரம்பிள்ளையும் தத்தம் மேதைமையால் ஒரு புதிய துறையைத் தோற்றுவித்தனர் என்பதே இவ்வரலாறுகளின் பொதுத்தொனி. ஆயின் எழுத்தை ஒரு தொழிலாக அவர்கள் தலைமுறையினர் எங்கே கற்றனர் என்ற வினா அதிகம் எழுப்பப்பட்டதில்லை. நிகண்டும் நன்னூலும் திண்ணைப்பள்ளியிற் கற்கக்கூடியனவாயிருந்தன. இரு கிழமைக்கு ஒருமுறை குறித்த பக்க அளவிற்குச் செய்தி திரட்டுவது, அன்னிய மொழிச் செய்தியைச் சுருக்கித் தமிழாக்குவது, அச்சுப்படியை மூலத்தோடு ஒப்புநோக்கிப் பிழைதீர்ப்பது ஆகியவற்றைக் கற்பிக்கத்தக்க குரு எவரும் அத்திண்ணைகளில் இருந்திலர். அச்சியந்திரத்தோடு வந்த வேலைகள் அவை.

யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரையில் இவ்வினாவுக்கான விடையின் பெரும்பகுதி, சில மைல் இடைவெளியில் அமைந்த இரண்டு நிறுவனங்களில் அடங்கியுள்ளது. ஒன்று 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி. மற்றது 1834 முதல் மானிப்பாயில் இயங்கிய மிஷன் அச்சுக்கூடம். இவற்றுள் அச்சுக்கூடம் பிந்தியமைக்கு அரசியற் காரணம் உண்டு. 1820இலேயே ஜேம்ஸ் கரெட் என்னும் அச்சுத்தொழில் வல்லுநரை அமெரிக்கர் அனுப்பினர். எட்வேட் பார்ன்ஸின் ஆட்சி அவர் இங்கு தங்குவதற்கு அனுமதி மறுத்தது. அச்சியந்திரமோ நல்லூரிலிருந்த ஆங்கிலேயத் திருச்சபை மிஷனின் கைக்குப் போயிற்று. குடியேற்றநாட்டு அரசு போதகரைச் சகித்துக்கொண்டது. அன்னிய நாட்டு அச்சுக்காரரைச் சகிக்கவில்லை. அச்சுச்சாதனத்தின் வலுவை மிஷனரிமார் உணர்ந்த அளவுக்கு ஆட்சியாளரும் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. கட்டுப்பாடு தளர்ந்த பின்னரே ஈஸ்ற்மன் ஸ்ட்ரோங் மைனர் வந்து மானிப்பாய் அச்சுக்கூடத்தைப் பொறுப்பேற்றார்.

செமினரியில் ஆங்கிலம், தமிழிலக்கியம், கணிதம், வானநூல், தருக்கம் முதலியன போதிக்கப்பட்டன. அதன் தரத்தை எமர்சன் ரெனன்ற் 1850இல் வெளிவந்த தமது நூலில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டுப் பாராட்டியமை நம்மவர் பலரும் பெருமையோடு எடுத்துக்காட்டும் செய்தி. பாராட்டியவர் குடியேற்றநாட்டுச் செயலாளர் என்பதையும் உடன்வைத்தே அதனை மதிப்பிடல் வேண்டும். நமது நோக்கிற்கு முக்கியமானது பாடவிதானமன்று. நூல்வெளியீடு என்றொரு பாடம் அதில் இருந்ததில்லை. செமினரி ஈந்த இருமொழிப் புலமைக்கு அச்சுக்கூடம் வேலை கொடுத்தது என்பதே முக்கியம். மொழிபெயர்ப்பு, சொற்றொகுப்பு, பிழைதிருத்தம் என்பன அவ்வேலையின் வழியாகவே கைவந்தன.

1841 ஜனவரியில் வெளிவரத் தொடங்கிய 'உதயதாரகை' இதற்குச் சிறந்த உதாரணம். தமிழும் ஆங்கிலமுமாக இருமொழியில் வந்த அப்பத்திரிகையின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகிய இருவரும் செமினரியிற் பயின்ற தமிழர். மாணவன் ஒருவனின் உணவுக்கும் படிப்புக்கும் பணம் அனுப்பிய அமெரிக்கக் கொடையாளர் தாம் விரும்பிய பெயரை அவனுக்கு இடலாம் என்பது அக்கால மிஷன் வழக்கு. ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகைத்துறையின் முதல் ஆசிரியர்கள் இவ்வகைப் பெயர்களோடு வரலாற்றில் நிற்பது வெறும் சுவையான செய்தியன்று. எழுத்துத்தொழிலின் முதலாளி யார் என்பதைப் பெயரே அறிவிக்கிறது. எனினும் அப்பெயர் அவர்களின் கையைக் கட்டிப்போடவில்லை. சமயக் கண்டனத்தோடு விஞ்ஞானம், கல்வி, அரசியற் செய்தி, வாசகர் கடிதம் என்பனவும் அப்பத்திரிகையில் இடம்பெற்றன. எதிர்க்கருத்துடையோர் விடையெழுதப் பழகியதும் அதன் வழியேதான்.

அகராதிப் பணி இன்னொரு பயிற்சிக்களம். நைற் தொடக்கிவைத்த சொற்றிரட்டில் மிஷனரிமாரும் உள்ளூர்ப் புலவரும் ஆண்டுக்கணக்காக உழைத்தனர். அவ்வுழைப்பின் ஒரு விளைவு 1842இல் மானிப்பாயில் வெளியான, 58,500 சொற்கள் கொண்ட தமிழகராதி. உடுவில் சந்திரசேகர பண்டிதர் அதனைத் தொகுத்தார். அதே திரட்டைப் பயன்கொண்ட வின்ஸ்லோவின் தமிழ்–ஆங்கில அகராதி 67,000க்கும் மேற்பட்ட சொற்களோடு 1862இல் சென்னையில் வெளிவந்தது. சூத்திரமாக மனனஞ்செய்யப்பட்ட நிகண்டு, அகரவரிசையில் தேடிப் பார்க்கும் நூலாக மாறியதற்குப் பின்னால் இத்தகைய கூட்டுழைப்பு இருந்தது. நூலின் முகப்பு அனைவரையும் காட்டுவதில்லை.

இவ்விடத்திற் சமூக எல்லைகளையும் நோக்குதல் வேண்டும். செமினரி மாணவருட் பெரும்பாலோர் வேளாளர். தொடக்ககாலத்தில் கிறிஸ்தவரின் கூரையின்கீழ் உண்ண அவர்கள் மறுத்தமையால் சமையல் புறத்தே நடைபெற வேண்டியிருந்தது. சமத்துவத்தைப் போதித்த நிறுவனம் நிலவுடைமைச் சாதியின் அடுக்களையோடு சமரசஞ் செய்துகொண்டது. பெண்களுக்கு 1824இல் உடுவிலில் விடுதிப்பாடசாலை அமைந்ததெனினும் செமினரியின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. ஆகவே புதிய எழுத்துத்தொழில் ஏற்கெனவே நிலமும் ஏடும் உடையோர் மத்தியிலிருந்தே தன் ஆட்களைத் திரட்டிக்கொண்டது. எழுத்துக்கோத்தோர், மை தடவியோர், நூல் கட்டியோர் செமினரிக்குப் புறத்தே நின்றனர். மூளையுழைப்பு, கையுழைப்பு என்னும் பழைய பிரிவினை, பெஞ்சும் கரும்பலகையும் வந்த பின்னரும் அவ்வாறே நிலைத்தது.

நாவலர் செமினரி மாணவரல்லர். ஆயினும் அவருடைய பயிற்சியும் இதே வகையினது. மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த பேர்சிவலின் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, வேதாகமத் தமிழாக்கத்தில் அவருக்குத் துணைபுரிந்த ஆண்டுகளில், ஒரு பெரும் பாடத்தைச் சொல் சொல்லாக ஒத்துப் பார்த்து அச்சுக்கு ஆயத்தஞ்செய்யும் முறையை அவர் கண்டறிந்தார். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மறுவருடமே அச்சியந்திரம் வாங்கச் சென்னை சென்றார். பள்ளியும் அச்சுக்கூடமும் அருகருகே இருத்தல் வேண்டுமென்ற திட்டம் மிஷனரிமாரிடமிருந்து பெறப்பட்டது. நோக்கம் அவர்களுக்கு எதிரானது. அவருடைய பாலபாடங்கள் வகுப்பறைக்கென எழுதப்பட்டு, தம் அச்சுக்கூடத்தில் அச்சாகி, தம் மாணவரின் கையிற் சென்றடைந்தன. எழுதுவோன், பதிப்பிப்போன், அச்சிடுவோன், விநியோகிப்போன் ஆகிய நான்கு பாத்திரங்களையும் ஒருவரே ஏற்றமைதான் நாவலரின் தனித்தன்மை. இதனைப் பேசாது அவரது வசனநடையின் அழகை மட்டும் வியத்தல் அரைகுறை ஆய்வாகும்.

1855இல் செமினரி மூடப்பட்டது. அமெரிக்கத் தலைமையகத்தின் சார்பில் வந்த ரூபஸ் அன்டர்சன், ஆங்கிலக் கல்வி விசுவாசிகளைவிட உத்தியோகம் நாடுவோரையே பெருக்குகின்றது என்றும், சுதேச மொழியிலேயே போதித்தல் வேண்டும் என்றும் கருதினார். வாதத்தின் முற்பகுதி உண்மை. ஆயின் தமிழை நவீன தேவைகளுக்குப் பயன்படுத்தும் ஆற்றலை அதிகம் வளர்த்த நிறுவனத்தையே தமிழின் பெயரால் மூடியதிலுள்ள முரண்பாடு அவருக்குப் புலப்படவில்லை. மிஷனின் கணக்கில் அது இலாபமற்ற முதலீடு. அவ்வளவே.

பயின்றோர் கடல் கடந்தனர். சென்னையிலே பேர்சிவல் நடத்திய 'தினவர்த்தமானி'க்குத் தாமோதரம்பிள்ளை ஆசிரியரானார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான அவரும் கறல் விசுவநாதபிள்ளையும் செமினரியின் பழைய மாணவரே. வீரசோழியம் (1881), இறையனார் அகப்பொருள் (1883), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) எனத் தொடர்ந்த தாமோதரம்பிள்ளையின் பதிப்புகளிற் காணும் ஏட்டுப்பிரதி ஒப்பீடும் காலவாராய்ச்சி முன்னுரையும் சைவமரபு மட்டும் ஈந்தவையல்ல. ஆங்கிலத்திற் சார்ள்ஸ் வின்ஸ்லோ என நின்ற அவரது முதலெழுத்துகள் தமிழிற் சிறுப்பிட்டி வைரவநாதபிள்ளை எனப் பொருள்பட 'சி. வை.' ஆயின. கொடையாளரின் பெயர் போயிற்று. கற்ற தொழில் போகவில்லை.

ஊரில் எஞ்சியதும் உண்டு. வைத்தியர் கிறீன் 1860களில் மானிப்பாயில் தமிழிலே மேனாட்டு மருத்துவம் போதிக்கத் தொடங்கியபோது, பாடநூல்களைத் தமிழாக்கும் பணியில் மாணவரையே ஈடுபடுத்தினார். மொழிபெயர்த்தல் அங்கே கற்றலின் ஒரு பகுதியாயிற்று. 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி உருவாயிற்று. அங்கு ஆசிரியராகவும் 'உதயதாரகை'யின் பத்திராதிபராகவும் விளங்கிய ஆணல்ட் சதாசிவம்பிள்ளை செமினரியில் உருவானவர். நானூறுக்கு மேற்பட்ட புலவர்களைப் பற்றிக் கூறும் அவருடைய 'பாவலர் சரித்திர தீபகம்' 1886இல் மானிப்பாயிலேயே அச்சாயிற்று. அச்சிட்டோர் ஸ்ட்ரோங், அஸ்பரி என்போர். மிஷன் பெயர் சூடிய உள்ளூர் அச்சகத்தார். முகப்பின் அடியிலே அவ்விரு பெயர்கள் மாத்திரம் உள்ளன. அந்நூலின் பக்கங்களுக்கு எழுத்துக்கோத்தவரின் பெயர் அதன் எந்தப் பக்கத்திலும் இல்லை.