விலை விழுந்தால் வாடகை குறையுமா?

"இந்த ரியல் எஸ்டேட் ஒருநாள் விழும், அப்போ பார்த்துக்கலாம்." வாடகை கொடுக்கும் நம்ம செட்டில் இதைச் சொல்லாத ஆளே கிடையாது. சரி, அப்படி நிஜமாவே விழுந்த ஒரு நாட்டோட கதையை இன்னைக்குப் பேசுவோம். அயர்லாந்து.

1999-ல் அந்த நாடு யூரோவுக்குள் வந்தது. வட்டி இறங்கியது. வெளிநாட்டு வங்கிகளின் பணம் உள்ளூர் வங்கிகளுக்குள் கொட்டியது. முன்பணமே இல்லாதவருக்கும் வீட்டின் முழு விலையையும் கடனாகக் கொடுத்தார்கள். சுமார் 42 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில், 2006-ல் மட்டும் 80,000-க்கும் மேல் வீடுகள் எழும்பின.

எங்கே கட்டினாங்க என்பதுதான் விஷயம். வேலை குவிந்திருந்தது டப்ளினில். ஆனால் வரிச்சலுகை கிடைத்ததால் லீட்ரிம், லாங்ஃபோர்டு மாதிரி ஆள் குறைந்த மாவட்டங்களிலும் வரிசை வரிசையாக வீடு கட்டித் தள்ளினார்கள்.

2007-க்குப் பிறகு எல்லாம் சரிந்தது. 2013-க்குள் வீட்டு விலை ஏறக்குறைய பாதி. வங்கிகளின் கடனுக்கு அரசே பொறுப்பேற்றது. அந்தப் பாரம் தாங்காமல் 2010-ல் 8,500 கோடி யூரோ மீட்புத் திட்டத்துக்குத் தலையாட்டியது. பாதியில் நின்ற குடியிருப்புகள் மட்டும் 2,800-க்கு மேல். மக்கள் அவற்றைப் 'பேய்க் குடியிருப்பு' என்றார்கள். லாங்ஃபோர்டில் ஓர் அபார்ட்மென்ட் கட்டடத்தை 2012-ல் இடித்தே விட்டார்கள்.

பாதி விலைக்கு வீடு கிடைக்குதே, இளைஞர்கள் வாங்கியிருக்கலாமே? எப்படி வாங்குவது? வேலையின்மை 15 சதவீதத்தை எட்டியிருந்தது. வேலை இருந்தவருக்கும் வங்கி கடன் தரவில்லை. கையில் ரொக்கம் வைத்திருந்தவருக்குத்தான் அது தள்ளுபடி விற்பனை.

இன்னொரு அடி மெதுவாக வந்தது. கட்டுமான கம்பெனிகள் மூடின. வேலையிழந்த தொழிலாளர்கள் பலர் ஆஸ்திரேலியா, கனடா என்று கிளம்பிப் போனார்கள். 2013-ல் கட்டிய வீடுகள் 10,000-கூட இல்லை. அப்புறம் டப்ளினுக்கு வேலை திரும்பி வந்தது, வீடு வரவில்லை. லீட்ரிமில் காலியாக நிற்கும் வீட்டை டப்ளினுக்குத் தூக்கிட்டு வர முடியாதே! 2016-க்குள் டப்ளின் வாடகை பழைய உச்சத்தைத் தாண்டியது. 2019-ல் நாடு முழுக்க 10,000-க்கும் மேற்பட்டோர் அவசரத் தங்குமிடங்களில் இருந்தார்கள்.

அதனால நான் சொல்றது இதுதான்: விலை விழுந்த வருஷம் வீடு மலிவாகத் தெரியும். அந்த வருஷம் கட்டாமல் விட்ட வீட்டுக்கும் சேர்த்துத்தான் அடுத்த பத்து வருஷம் வாடகை கொடுப்போம். விலை எப்போ விழும்னு கேட்கிறதோட நிறுத்தாதீங்க. வேலை இருக்கிற இடத்தில், சரிவு வந்தாலும் வீடு கட்டுவது யாரு? அதையும் கேளுங்க.