டப்பாவுக்குள் போன மிளகுத்தண்ணி

உடம்பு இளைக்க வேண்டுமானால் மத்தியானத்துக்கு ஒரு டப்பா சூப் போதும் என்று மேல்நாட்டில் ஒரு கட்சி உண்டு. எத்தனை கலோரி என்று டப்பாவின் மேலேயே அச்சிட்டிருக்கும். சுட வைத்துக் குடித்தால் வயிறு நிறையும். சதை சேராது என்கிறார்கள். அந்தச் சூப்புகளில் ஒன்றின் பெயர் 'முல்லிகடானி.' கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பாருங்கள்! நம் மிளகுத்தண்ணிதான் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறது.

இந்தக் கதையைத் தொடங்க வாலாஜாபாத் தோதான இடம். ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இப்பாலாற்றங்கரை ஊரில், கும்பினியார் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கியிருந்தது. இங்கிருந்து அதிக தூரமில்லாத புள்ளலூரில், 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி, கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் முறியடித்தார்கள். பிடிபட்டவர்கள் மைசூர்ச் சிறைகளுக்குப் போனார்கள். போர் ஓய்ந்த 1784-ல் ஒரு பாட்டு வெளிவந்தது. ஹைதரிடம் சிறைப்பட்ட ஆங்கிலக் கடற்படைக்காரர் ஒருவர் பாடியது. பெங்களூர்ச் சிறையில் மிளகுத்தண்ணியும் கஞ்சியுமே ஆகாரமாகிவிட்டதே என்று அதில் புலம்புகிறார்! 1886-ல் வந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதி இதை எடுத்துக் காட்டுகிறது.

சிறையில் கசந்த பண்டம் பங்களாவில் ருசித்தது. சென்னை மாகாணத்து உத்தியோகஸ்தர்களுக்கு 'மல்' என்றே பட்டப்பெயர் வந்தது. முல்லிகடானியின் சுருக்கம் அது. ஆனால் துரைமார் அதை ஏழையாகவே விட்டுவைப்பார்களா? ஆட்டிறைச்சி, வெங்காயம், வெண்ணெய், மாவு என்று ஏற்றினார்கள். மெலிந்த ரசம் தொந்தி போட்ட சூப் ஆயிற்று. சென்னை ராணுவத்தைச் சேர்ந்த கென்னி-ஹெர்பர்ட் 1878-ல் எழுதிய சமையல் புத்தகத்தில், இதன் மூலம் தென்னாட்டு ஏழைகளின் மிளகுத்தண்ணிதான் என்று ஒப்புக்கொள்கிறார். துரைமார் டப்பா உணவை நம்பியிருப்பதையும் கடிந்துகொள்கிறார்.

டப்பாவும் போரின் பிள்ளைதான். சேனைகளுக்கு உணவு கெடாமலிருக்க வழி கண்டதற்காக நிக்கோலா அப்பெர் என்ற பிரெஞ்சுக்காரர் அரசாங்கத்திடம் 12,000 பிராங்க் பரிசு பெற்றார். அவர் நம்பியது கண்ணாடிப் புட்டியை. தகர டப்பாவுக்கு உரிமைப் பத்திரம் 1810-ல் இங்கிலாந்தில் பதிவாயிற்று. 1897-ல் அமெரிக்காவின் காம்ப்பெல் கம்பெனியில் டாரன்ஸ் என்ற ரசாயனி சூப்பிலிருந்து பெரும்பகுதி நீரை நீக்கிக் கெட்டியாக அடைத்தார். டப்பா சிறுத்தது, விலையும் குறைந்தது. தண்ணீரை நாமே வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம் அல்லவா?

இங்கே ஒன்றை நினைக்காமல் தாண்ட முடியவில்லை. கென்னி-ஹெர்பர்ட் சமையல் எழுதிய அதே காலம்தான் சென்னை மாகாணத்தின் தாது வருஷப் பஞ்சம். 1877-ல் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு நாளொன்றுக்கு 1 ராத்தல் தானியம் போதும் என்று குறைத்தார். உழைக்கிற உடம்புக்கு அது பற்றாது என்று சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் வாதாடினார். பிறகு படியை உயர்த்தினார்கள். ஆனால் அதற்குள் போன உயிர்கள் எத்தனையோ! சாப்பாட்டை நிறுத்துக் குறைக்கும் கலையை நம் மாவட்டங்கள் இப்படித்தான் முதலில் அறிந்தன. 1918-ல் அமெரிக்க டாக்டர் லூலு ஹண்ட் பீட்டர்ஸ் கலோரிக் கணக்கைப் புத்தகமாக்கி இளைக்க வழி சொன்னபோது, அது கொழுத்தவர்கள் தாமே விரும்பி ஏற்ற கணக்கு. கணக்கு ஒன்றுதான், போடுகிறவர் யார் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

சூப் பசியை அடக்குமா என்றால், அடக்கும். பென்சில்வேனியாவில் பார்பரா ரோல்ஸ் 1999-ல் ஒரு பரிசோதனை செய்தார். ஒரே அளவு நீரை உணவோடு தனியாகக் குடித்த பெண்கள் வழக்கம்போலவே சாப்பிட்டார்கள்; சூப்பாக்கிக் குடித்தவர்கள் குறைத்துச் சாப்பிட்டார்கள். 2007-ல் செய்த சோதனையில், முதலில் சூப் குடித்தவர்கள் அந்த வேளையில் சுமார் 20 சதவீதம் குறைவாக உட்கொண்டார்கள். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, நீரில் ஒன்றுமில்லை. ரகசியம் அவ்வளவுதான்.

ஆகையால் இளைக்க விரும்பும் வாசகர்களுக்கு என் யோசனை இது: சீமை டப்பாவுக்கு அலைய வேண்டாம், அதில் உப்பும் அதிகம். இலையில் சாம்பாருக்குப் பின்னால் காத்திருக்கும் ரசத்தை முதல் பந்திக்கு அழையுங்கள். ஒரு டம்ளர் குடித்துவிட்டுச் சோற்றில் கை வையுங்கள். ஆனால் விடியற்காலையில் ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு ஓடும் பிள்ளைக்கு இந்த உபதேசம் வேண்டாம். அவனுக்கு ரசத்தோடு சோறும் நிறைய இருக்கட்டும்.