தனித்து நின்ற காவலன்

துப்பாக்கிச் சண்டையும் குதிரைப் பாய்ச்சலுமே அமெரிக்கக் கௌபாய் படங்களின் உயிர் என்று கருதுவோர் பலர். பிரெட் சின்னமன் இயக்கி 1952-இல் வெளிவந்த 'ஹை நூன்' அக்கருத்தைப் பொய்யாக்கியது.

கொடியவன் ஒருவன் பழிதீர்க்க நண்பகல் இரயிலில் வருகிறான். முன்பு அவனைப் பிடித்துக் கொடுத்த ஊர்க்காவல் தலைவன் வீடுகளிலும் தேவாலயத்திலும் துணை வேண்டுகிறான். ஊரார் கைவிரிக்கின்றனர். அவ்வேடம் ஏற்ற கேரி கூப்பர் வீரவசனம் பேசினாரல்லர். ஐம்பது வயது முகத்தில் அச்சமும் களைப்பும் தெரிய, உயிலை எழுதி வைத்துவிட்டுத் தெருவில் இறங்குகிறார். அந்நடிப்புக்கு 1953-இல் ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

படம் பிறந்த வரலாறோ கதையினும் வியப்புக்குரியது. திரைக்கதை ஆசிரியர் கார்ல் போர்மன், படப்பிடிப்பு நடந்த 1951-இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவின்முன் நிறுத்தப்பட்டார். பொதுவுடைமைத் தோழர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்தார், நண்பர் பலர் விலகினர், இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். கூப்பரோ 1947-இல் அதே குழுவின்முன் பொதுவுடைமைக்கு எதிராகச் சான்று சொன்னவர்! எதிரணியில் நின்றவரே போர்மனின் தனிமைக்கு முகம் கொடுத்தார்.

இறுதியில் வென்ற காவலன் தன் பதவிச் சின்னத்தைப் புழுதியில் எறிகிறான். அஞ்சி ஒதுங்கிய ஊருக்கு அதனினும் கடுமையான தீர்ப்பு வேறில்லை.